ஒன்றன்மேல் ஒன்றாக விண்டோக்கள்: எக்ஸ்11-இல் இடமும் அடுக்கும் முடிவாகும் விதம், படிப்படியாக

பிரவுசரில் ஒரு கோப்பைச் சேமிக்கச் சொல்கிறீர்கள். எங்கே சேமிப்பது என்று கேட்கும் டயலாக் பிரவுசருக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது. பிரவுசரோ அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை எந்த கிளிக்கையும் ஏற்காது. கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து ரீஸ்டார்ட் செய்பவர்களும் உண்டு. தவறு எங்கே நடந்தது என்று தேடினால், பெரும்பாலும் அது பிரவுசருக்கும், விண்டோக்களின் இடத்தையும் அடுக்கையும் முடிவுசெய்யும் விண்டோ மேனேஜர் என்ற நிரலுக்கும் இடையே நடக்கும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கும்.

அந்தப் பேச்சுவார்த்தையை, லினக்ஸ் போன்றவற்றில் விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 என்ற முறையை வைத்து இங்கே பார்க்கலாம். அதற்கு மாற்றாக வேலண்ட் வந்துவிட்ட காலத்தில் எக்ஸ்11 எதற்கு என்று கேட்கலாம். இங்கே அப்ளிகேஷன், திரையைக் கையாளும் சர்வர், மேனேஜர் மூன்றும் தனித்தனி நிரல்கள். அவற்றுக்கு இடையே போகும் செய்திகளை வெளியிலிருந்தே பார்க்க முடியும். விதிகளும் ஐசிசிசிஎம், ஈடபிள்யூஎம்எச் என்ற இரண்டு ஆவணங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. இங்கே புரிந்தது விண்டோஸிலும் வேலண்டிலும் கைகொடுக்கும்.

சொந்தமாக ஒரு சின்ன விண்டோ மேனேஜர் எழுதிப் பார்க்க நினைப்பவருக்கான வரிசையில் படிகளை வைத்திருக்கிறேன். என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "இதை மேலே தூக்கு, அதைக் கீழே இறக்கு" என்று அடுக்கைத் துண்டு துண்டாகக் கையாளும் மேனேஜர் எப்போதாவது ஒருநாள் குழம்பியே தீரும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முழு வரிசையையும் புதிதாகக் கணக்கிட்டு, ஒரே தடவையில் சர்வரிடம் கொடுப்பதுதான் சரி.

படி 1: அதிகாரத்தைக் கையில் எடுப்பது

எக்ஸ்11 நெறிமுறை எம்ஐடியிலிருந்து 1987-இல் வெளியானது. வசதிகளை மட்டும் சர்வர் தரும், எப்படிப் பயன்படுத்துவது என்பதில் தலையிடாது என்பதில் அதை வடிவமைத்தவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அதனால் சர்வரைப் பொறுத்தவரை விண்டோ மேனேஜர் இன்னொரு சாதாரண கிளையன்ட், அதாவது தன்னிடம் வேலை கேட்கும் நிரல், மட்டுமே.

எல்லா விண்டோக்களும் ஒரு மரம். உச்சியில் திரை முழுவதையும் நிறைக்கும் ரூட் விண்டோ. ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்குள் யார் மேல், யார் கீழ் என்ற வரிசையைச் சர்வர் வைத்திருக்கிறது. புதிதாக உருவாகும் விண்டோ தன் உடன்பிறப்புகள் எல்லோருக்கும் மேலே வந்து உட்காரும்.

ரூட் விண்டோவின்மேல் 'சப்ஸ்ட்ரக்சர் ரீடைரக்ட்' என்ற ஈவென்ட் மாஸ்க்கை, அதாவது இன்ன செய்திகள் (ஈவென்ட்கள்) எனக்கு வர வேண்டும் என்ற பதிவை, கேட்டு வாங்கும் கிளையன்ட்தான் மேனேஜர். அதை ஒரு நேரத்தில் ஒருவரே வைத்திருக்க முடியும். இரண்டாவதாகக் கேட்பவருக்கு 'பேட் ஆக்சஸ்' பிழை வரும். "வேறொரு விண்டோ மேனேஜர் ஏற்கனவே ஓடுகிறது" என்று சில நேரம் திரையில் பார்த்திருப்பீர்களே, அது இந்தப் பிழையின் மொழிபெயர்ப்புதான்.

இதற்குப் பிறகு எந்த அப்ளிகேஷன் "என்னைக் காட்டு" என்றாலும், "என்னை நகர்த்து" என்றாலும் சர்வர் அதைச் செய்யாது. மேப் ரிக்வெஸ்ட், கன்ஃபிகர் ரிக்வெஸ்ட் என்ற ஈவென்ட்களாக மாற்றி உங்களிடம் தள்ளிவிடும். விதிவிலக்கு ஒன்றுதான்: 'ஓவர்ரைடு ரீடைரக்ட்' கொடி போட்டுக்கொண்ட விண்டோக்கள். மெனு, டூல்டிப் போன்றவை அந்த வகை. அவை உங்களைக் கேட்காமலே வரும், போகும்.

படி 2: சட்டகம் போடுவது

டைட்டில் பாரும் ஓரங்களும் வேண்டுமென்றால், நீங்களே ஒரு ஃப்ரேம் விண்டோவை உருவாக்கி, அப்ளிகேஷனின் விண்டோவை அதற்குள் ரீபேரன்ட் செய்ய, அதாவது அதன் பிள்ளையாக மாற்ற, வேண்டும். இனி ரூட்டின் பிள்ளை ஃப்ரேம்தான். அடுக்கு வரிசையில் நீங்கள் நகர்த்த வேண்டியதும் ஃப்ரேமைத்தான்.

இதனால் ஆயத்தொலைவில் ஒரு சிக்கல் வருகிறது. அப்ளிகேஷன் (100, 100) என்று கேட்டால், அது ஃப்ரேமின் மூலையா, உள்ளே இருக்கும் விண்டோவின் மூலையா? வின் கிராவிட்டி என்ற குறிப்பு இதைத் தீர்க்கிறது. வழக்கமான மதிப்பு நார்த் வெஸ்ட்: ஃப்ரேமின் இடது மேல் மூலை (100, 100)-க்கு வரும். டைட்டில் பார் 24 பிக்சல் என்றால் உள்விண்டோ 124-இல் தொடங்கும். ஸ்டாட்டிக் என்றால் உள்விண்டோவே 100-இல் நிற்கும்.

அப்ளிகேஷன் மூடும்போது உள்விண்டோவின் இடத்தை, அதாவது 124-ஐ, சேமித்துவைத்து, அடுத்தமுறை கிராவிட்டியை மாற்றாமல் 124 என்று கேட்டால் என்ன ஆகும்? உள்விண்டோ 148-க்குப் போகும். அதற்கடுத்த முறை 172. திறந்து மூடத் திறந்து மூட விண்டோ திரையில் கீழே ஊர்ந்துகொண்டே போகும். பழைய நிரல்களில் இந்த நோய் சகஜம். இதில் பாதிப் பழி மேனேஜர்மேல் விழும், நியாயமே இல்லாமல்.

இன்னொரு கடமையும் இருக்கிறது. கன்ஃபிகர் ரிக்வெஸ்டுக்கு நீங்கள் எதுவும் செய்யாமல் விட்டாலும், அளவை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றினாலும், ரூட்டின் ஆயத்தொலைவில் ஒரு செயற்கை கன்ஃபிகர் நோட்டிஃபை அனுப்ப வேண்டும் என்கிறது ஐசிசிசிஎம். அனுப்பாவிட்டால் அப்ளிகேஷன் தான் பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு மெனுவை வேறெங்கோ திறக்கும்.

படி 3: எவ்வளவு இடம் மிச்சம்?

பேனல், டாக் போன்றவை ஸ்ட்ரட் பார்ஷியல் என்ற பண்பில் (பண்பு என்பது விண்டோவோடு ஒட்டிவைக்கும் தகவல்) 12 எண்களைப் போட்டுவைக்கும்: நான்கு ஓரங்களிலும் எத்தனை பிக்சல் தமக்கு வேண்டும், ஒவ்வொரு ஓரத்திலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. இதையெல்லாம் கழித்து மிஞ்சுவதே வேலைப் பரப்பு.

ஒரே மானிட்டர் என்றால் கதை இங்கே முடிந்தது. இரண்டு மானிட்டர் இருந்தால், இந்த எண்கள் மானிட்டரின் ஓரத்திலிருந்து அளக்கப்படுவதில்லை, முழு ரூட் விண்டோவின் ஓரத்திலிருந்து அளக்கப்படுகின்றன என்பதை மறக்காதீர்கள். இரண்டு மானிட்டருக்கும் நடுவில் நிற்கும் செங்குத்துப் பேனலை இந்த முறையில் ஒழுங்காகச் சொல்லவே முடியாது. தரநிலையில் உள்ள நெட் ஒர்க்ஏரியா பண்பும் ஒரு டெஸ்க்டாப்புக்கு ஒரே செவ்வகம்தான் தரும். எனவே ஒவ்வொரு மானிட்டருக்கும் தனியாக நீங்களே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: அப்ளிகேஷன் கேட்டதை எவ்வளவு மதிப்பது

நார்மல் ஹின்ட்ஸ் பண்பில் இரண்டு கொடிகள் இருக்கின்றன. யுஎஸ்பொசிஷன் என்றால் இடத்தைச் சொன்னது பயனர். டெர்மினலில் ஜியாமெட்ரி தெரிவு கொடுத்து எக்ஸ்டெர்மைத் திறப்பது இந்த வகை. இதை அப்படியே ஏற்க வேண்டும். பிபொசிஷன் என்றால் நிரல் தானாகச் சொன்னது. இது சந்தேகத்துக்குரியது. எண்ணமே இல்லாமல் (0, 0) என்று போட்டு இந்தக் கொடியையும் ஏற்றிவிட்ட நிரல்கள் ஏராளம். டாம் லாஸ்ட்ரேஞ்ச் 1987-இல் எழுதிய டிடபிள்யூஎம் மேனேஜரில் இதற்கென்றே ஒரு அமைப்பு உண்டு: பிபொசிஷனை ஏற்காதே, ஏற்றுக்கொள், பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும் ஏற்றுக்கொள். மூன்றாவதைத்தான் நானும் பரிந்துரைப்பேன்.

கூடவே டிரான்சியன்ட் ஃபார் பண்பையும் படித்துவையுங்கள். "நான் இன்ன விண்டோவுக்கு உரிய டயலாக்" என்று சொல்லும் பண்பு அது. இடத்துக்கும் அடுக்குக்கும் இரண்டுக்கும் வேண்டும்.

படி 5: இடம் தேடுவது

டயலாக்கை அதன் பெற்றோரின் நடுவில் வையுங்கள். ஸ்பிளாஷ் திரையை மானிட்டரின் நடுவில் வையுங்கள். இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை. சாதாரண விண்டோவுக்குத்தான் வழிகள் பல.

டிடபிள்யூஎம் வழக்கமாகப் பயனரிடமே விட்டுவிடும்: விண்டோவின் வெளிக்கோடு மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும், கிளிக் செய்த இடத்தில் விண்டோ இறங்கும். மெட்டாசிட்டி என்ற மேனேஜர் முதலில் எதையும் மறைக்காத காலி இடம் தேடும், இருக்கும் விண்டோக்களுக்குக் கீழே, பிறகு வலப்பக்கம். கிடைக்காவிட்டால் மூலைவிட்டமாகச் சரித்து அடுக்கும். கேடிஈ டெஸ்க்டாப்பின் மேனேஜரான கேவின் 'குறைந்த மறைப்பு' என்ற வழியைத் தருகிறது. எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் கணக்கு தெளிவாக இருக்கிறது.

முழுத் திரையையும் பிக்சல் பிக்சலாகத் துழாவத் தேவையில்லை. நல்ல இடம் எப்போதும் ஏதாவது ஒரு ஓரத்தை ஒட்டியே இருக்கும். எனவே கிடைமட்டத்தில் சோதிக்க வேண்டியவை: வேலைப் பரப்பின் இடது ஓரம், அதன் வலது ஓரத்திலிருந்து புதிய விண்டோவின் அகலத்தைக் கழித்த இடம், இருக்கும் ஒவ்வொரு விண்டோவின் வலது ஓரம், ஒவ்வொன்றின் இடது ஓரத்திலிருந்து அகலத்தைக் கழித்த இடம். செங்குத்திலும் அதே.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திரை 1920×1080. கீழே 40 பிக்சல் பேனல். வேலைப் பரப்பு 1920×1040. இடது மேல் மூலையில் 1200×900 அளவில் பிரவுசர். அதை ஒட்டி (1200, 0)-இல் 720×500 அளவில் டெர்மினல். இப்போது 800×600 அளவில் ஒரு விண்டோ திறக்கிறது.

கிடைமட்டத்தில் தேறுபவை 0, 400, 1120. டெர்மினலின் தொடக்கமான 1200-இல் வைத்தால் திரைக்கு வெளியே போகும். செங்குத்தில் தேறுபவை 0, 440. ஆக ஆறே இடங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை சதுர பிக்சல் மறைகிறது என்று பாருங்கள்:

- (0, 0), (400, 0) இரண்டிலும் பிரவுசரில் 4,80,000.
- (1120, 0)-இல் பிரவுசரில் 48,000, டெர்மினலில் 3,60,000. மொத்தம் 4,08,000.
- (0, 440), (400, 440) இரண்டிலும் பிரவுசரில் 3,68,000.
- (1120, 440)-இல் பிரவுசரில் 36,800, டெர்மினலில் 43,200. மொத்தம் 80,000.

கடைசி இடம் வெல்கிறது. வலது கீழ் மூலை.

இப்போது டெர்மினலை 'எப்போதும் மேலே' என்று குறித்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த விண்டோவோடு மோதினால் மறைவது புதிய விண்டோதான். அதனால் கேவின் அத்தகைய விண்டோவின் மறைப்பை 16 மடங்காகக் கணக்கிடும். 43,200 இப்போது 6,91,200 ஆகிவிடும், மொத்தம் 7,28,000. வெல்வது 3,68,000 உள்ள (0, 440). 'எப்போதும் கீழே' என்று குறித்தவற்றுக்கு மதிப்பு பூஜ்யம். இந்த ஒரு சின்னப் பெருக்கலில் எவ்வளவு நடைமுறை அறிவு இருக்கிறது பாருங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 20 விண்டோ திறந்திருந்தால் ஒவ்வொரு திசையிலும் அதிகபட்சம் 42 இடங்கள். 42 × 42 × 20 என்றால் 35,280 செவ்வகக் கணக்குகள். இன்றைய பிராசசருக்கு இது ஒன்றுமே இல்லை. முழுத்திரை அளவுக்கு மேக்ஸிமைஸ் ஆன விண்டோ இருந்தாலும் பிரச்சினை இல்லை. அதன் மறைப்பு எல்லா இடத்திலும் சமம் என்பதால் தானாகவே அடிபட்டுப்போகும்.

இடம் கிடைத்ததும் ஒரு கடைசிச் சரிபார்ப்பு: விண்டோ வேலைப் பரப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடது மேல் மூலையை விட்டுக்கொடுக்காதீர்கள். டைட்டில் பார் திரைக்கு மேலே போய்விட்டால் பயனருக்கு அதைப் பிடித்து இழுக்கவே வழியில்லை.

படி 6: அடுக்கைக் கணக்கிடுவது

ஈடபிள்யூஎம்எச் பரிந்துரைக்கும் அடுக்குகள், கீழிருந்து மேலாக:

1. டெஸ்க்டாப் வகை விண்டோ
2. 'கீழே' நிலை உள்ளவை
3. மற்ற எல்லாம்
4. டாக் வகையும் 'மேலே' நிலை உள்ளவையும்
5. ஃபோகஸ் பெற்றிருக்கும் முழுத்திரை விண்டோ

ஐந்தாவதில் 'ஃபோகஸ் பெற்றிருக்கும்', அதாவது தட்டச்சு போய்ச் சேரும், என்ற நிபந்தனை ரொம்ப முக்கியம். வீடியோ முழுத்திரையில் ஓடும்போது ஆல்ட்+டேப் அழுத்தி எடிட்டருக்குப் போனால், வீடியோ மூன்றாம் அடுக்குக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் எடிட்டருக்கு ஃபோகஸ் போகும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதே சமயம் வீடியோவின் சொந்த டயலாக்குக்கு ஃபோகஸ் போனாலோ, பக்கத்து மானிட்டரில் இருக்கும் விண்டோவுக்குப் போனாலோ வீடியோவை இறக்கக் கூடாது. இறக்கினால் பேனல் திடீரென்று மேலே எட்டிப் பார்க்கும்.

கணக்கிடும் முறை இதுதான். பயனர் கடைசியாக எதை எதை மேலே கொண்டுவந்தார் என்ற வரலாற்றை ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். 'மேலே தூக்கு' என்றால் இந்தப் பட்டியலில் அந்த விண்டோவைக் கடைசிக்கு நகர்த்துவது, அவ்வளவே. சர்வரிடம் எதுவும் சொல்லாதீர்கள். அடுத்து ஒவ்வொன்றின் அடுக்கையும் தீர்மானியுங்கள். டயலாக் என்றால் அதன் சொந்த அடுக்கு, பெற்றோரின் அடுக்கு இரண்டில் எது உயர்ந்ததோ அது. முழுத்திரையில் இருக்கும் நிரலின் டயலாக் பின்னால் ஒளிவது இந்த ஒரு வரி விடுபட்டுப்போவதால்தான். பிறகு அடுக்கு எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள். சம எண் உள்ளவற்றின் முன்பின் வரிசை கலையாத வரிசையாக்கமாக அது இருக்க வேண்டும். கடைசியாக, எந்தப் பிள்ளையாவது தன் பெற்றோருக்குக் கீழே இருந்தால் அதைப் பெற்றோருக்கு உடனே மேலே கொண்டுபோய் வையுங்கள்.

இதில் இரண்டு பொறிகள். 'அ' தன்னை 'ஆ'வின் டயலாக் என்று சொல்லும், 'ஆ'வும் தன்னை 'அ'வின் டயலாக் என்று சொல்லும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் இந்த வட்டத்தைச் சோதிக்காவிட்டால் உங்கள் மேனேஜர் முடிவில்லாச் சுழலில் மாட்டி முழு டெஸ்க்டாப்பும் உறைந்துவிடும். இரண்டாவது, சில டயலாக்குகள் ரூட் விண்டோவையே பெற்றோராகக் காட்டும். அந்த நிரலின் குழுவில் உள்ள எல்லா விண்டோக்களுக்கும் பொதுவான டயலாக் என்று அதற்குப் பொருள்.

படி 7: சர்வரிடம் ஒப்படைப்பது

எக்ஸ் ரீஸ்டாக் விண்டோஸ் என்ற அழைப்பு ஒரு பட்டியலை வாங்கிக்கொள்ளும், மேலிருந்து கீழாக. ஆனால் டாஸ்க்பார் போன்றவை படிப்பதற்காக நீங்கள் ரூட்டில் எழுதிவைக்க வேண்டிய நெட் கிளையன்ட் லிஸ்ட் ஸ்டாக்கிங் பண்பு கீழிருந்து மேலாக. திசை நேரெதிர். ஒன்றை எழுதிய கையோடு மற்றதற்கும் அதே பட்டியலைக் கொடுத்துவிடுவது சுலபம்.

அழைப்பில் இன்னொரு நுணுக்கம்: பட்டியலின் முதல் விண்டோவை அது அசைக்காது. மற்றவற்றைத்தான் அதற்குக் கீழே அடுக்கும். சரி, முதல் விண்டோவை மட்டும் தனியாக உச்சிக்குத் தூக்கிவிடலாமா? தூக்கினால் அந்த நேரத்தில் திறந்திருக்கும் மெனு அதற்குப் பின்னால் போய்விடும். மெனு ஓவர்ரைடு ரீடைரக்ட் வகை, உங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை.

இதற்கு ஒரு எளிய தந்திரம்: தொடக்கத்திலேயே திரைக்கு வெளியே 1×1 பிக்சலில் உங்களுக்கென ஒரு விண்டோவை உருவாக்கி, அதை எப்போதும் பட்டியலின் தலையில் போடுங்கள். அது கூரை. நீங்கள் நிர்வகிப்பதெல்லாம் அதற்குக் கீழே, பின்னர் தம்மை உயர்த்திக்கொண்டு வரும் மெனுக்கள் அதற்கு மேலே. ஓபன்பாக்ஸ் மேனேஜர் இதே வழியைத்தான் கையாள்கிறது.

படி 8: தூக்குவது வேறு, ஃபோகஸ் வேறு

எந்த விண்டோ மேலே இருக்கிறது என்பதும், தட்டச்சு எதற்குப் போகிறது என்பதும் எக்ஸில் தொடர்பே இல்லாத இரண்டு விஷயங்கள். கிளிக் செய்தால் இரண்டும் சேர்ந்து நடப்பது மேனேஜரின் உபயம். மவுஸ் போகும் இடத்துக்கு ஃபோகஸ் போகும் முறையை நீங்கள் தரப்போகிறீர்கள் என்றால் கவனம்: அடுக்கை மாற்றும்போது மவுஸுக்கு அடியில் புதிதாக ஒரு விண்டோ வந்து சேரும், உடனே சர்வர் என்டர் நோட்டிஃபை அனுப்பும். பயனர் மவுஸைத் தொடவே இல்லை. நீங்கள் செய்த மாற்றத்தால் வந்த இந்த ஈவென்ட்களை அடையாளம் கண்டு ஒதுக்காவிட்டால் ஃபோகஸ் தாவிக்கொண்டே இருக்கும்.

தாமதமாகத் திறக்கும் விண்டோ அடுத்த தலைவலி. பெரிய நிரல் ஒன்றைத் திறக்கச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் டெர்மினலில் பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பாதியில் வந்து முன்னால் நின்றால் மீதி எழுத்துகள் அதற்குள் போகும். நெட் டபிள்யூஎம் யூசர் டைம் பண்பு இதற்காகவே வந்தது. புதிய விண்டோவின் நேரமுத்திரையை, இப்போது ஃபோகஸில் இருக்கும் விண்டோவில் பயனர் கடைசியாகக் கை வைத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். புதிய விண்டோவின் முத்திரை அதைவிட முந்தையதாக இருந்தால், அந்த விண்டோவை ஃபோகஸ் விண்டோவுக்குக் கீழே வைத்து, 'கவனம் வேண்டும்' நிலையை ஏற்றிவிடுங்கள். டாஸ்க்பாரில் அது மின்னும். எக்ஸின் நேரமுத்திரை 32 பிட் மில்லிவினாடி. சுமார் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். வெறும் 'சிறியதா பெரியதா' என்று ஒப்பிட்டால், மாதக்கணக்கில் அணைக்காத இயந்திரத்தில் ஒருநாள் எல்லாம் தலைகீழாகும். இரண்டின் வித்தியாசத்தை எடுத்து அதன் குறியைப் பாருங்கள்.

படி 9: வரைவது

விண்டோக்களின் படங்களைச் சேர்த்துத் திரையில் வரையும் காம்போசிட்டர் என்ற நிரல் இல்லாத எக்ஸில், மறைந்த பகுதியின் பிக்சல்களைச் சர்வர் பொதுவாக வைத்திருக்காது. மேலே இருந்தது விலகியதும் "இந்தப் பகுதியை மறுபடி வரை" என்று எக்ஸ்போஸ் ஈவென்ட் போகும். அப்ளிகேஷன் மெதுவாக இருந்தால் வெற்றுப் பட்டை தெரியும். காம்போசிட்டர் இருந்தால் ஒவ்வொரு விண்டோவும் தனி நினைவகத்தில் முழுதாக இருக்கும், நீங்கள் கணக்கிட்ட அதே வரிசையில் கீழிருந்து மேலாகச் சேர்த்து வரையப்படும். ஆறாம் படியில் எதுவும் மாறாது.

வேலண்டில் சர்வரும் மேனேஜரும் காம்போசிட்டருக்குள் சேர்ந்துகொள்ள, மூன்று தரப்பும் சுருங்கி இரண்டாகிவிட்டன. திரையில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே சாதாரண அப்ளிகேஷனுக்குத் தெரியாது, கேட்கவும் வழியில்லை. மெனுவை வைக்க வேண்டுமென்றால் "இந்தப் பொத்தானுக்குக் கீழே, இடமில்லாவிட்டால் மேலே புரட்டு" என்று விதியை மட்டும் சொல்லும், முடிவு காம்போசிட்டருடையது. யுஎஸ்பொசிஷன், கிராவிட்டி பஞ்சாயத்தெல்லாம் இதில் ஒழிந்தது. ஆனால் கடைசியாகத் திறந்திருந்த அதே இடத்தில் திறக்க வேண்டும் என்று நினைக்கும் நிரல்களுக்கு இது இன்னமும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

படி 10: சோதிப்பது

ஓடும் டெஸ்க்டாப்பில் சோதிக்காதீர்கள். ஸெஃபிர் என்ற சர்வரை ஒரு விண்டோவுக்குள் திறந்து, அதற்குள் உங்கள் மேனேஜரை ஓடவிடுங்கள். எக்ஸ்ப்ராப் கருவியை ரூட்டின்மேல் ஸ்பை முறையில் வைத்தால், ஸ்டாக்கிங் பட்டியல் மாறும்போதெல்லாம் புதிய வரிசையை அச்சிடும். ஒரு கிளிக்குக்கு அது நாலு தடவை மாறினால், எங்கோ துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிறகு மேனேஜரை வேண்டுமென்றே கொன்று பாருங்கள். ரீபேரன்ட் செய்தபோதே ஒவ்வொரு விண்டோவையும் சேவ் செட்டில், அதாவது மேனேஜர் போனாலும் சர்வர் காப்பாற்ற வேண்டிய விண்டோக்களின் பட்டியலில், சேர்த்திருந்தால், ஃப்ரேம்கள் அழிந்தாலும் அப்ளிகேஷன்கள் ரூட்டுக்குத் திரும்பி உயிரோடு இருக்கும். சேர்க்காவிட்டால் ஃப்ரேமோடு அவற்றின் விண்டோக்களும் போய்விடும். மறுபடி தொடங்கும்போது எக்ஸ் குவரி ட்ரீ அழைப்பு ரூட்டின் பிள்ளைகளைக் கீழிருந்து மேலாகத் தரும். அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்று வரலாற்றுப் பட்டியலில் போடுங்கள். சேவ் செட் வழியாகத் திரும்பியவற்றின் வரிசை கலைந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், ரூட்டில் முன்பு எழுதிவைத்த ஸ்டாக்கிங் பட்டியல் இன்னும் அழியாமல் இருந்தால் அதையே நம்புங்கள்.